கடலுக்குப் போகும் நீர்

வவுனியாவிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற மாதம் எம் கைக்குக் கிடைத்தது. அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. ஆபிரிக்காவின் ஆறுகளையும் ஏரிகளையும் பற்றிய படமொன்றைத் தொலைக்காட்சியிலே பார்த்த நாள் முதலாக, இளஞ்சிவப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் நீரில் நிற்கும் அந்த இடத்துக்குத் தன்னை அழைத்துப்போக வேண்டுமென்று அவன் ஓயாது கேட்கின்றானாம். "ஆபிரிக்காவுக்குப் போக எவ்வளவு காசு வேண்டும் என்று நச்சரிக்கின்றான். நீங்கள் படிப்பிக்கின்றவர் ஆயிற்றே. இவனுக்கு ஒரு மறுமொழி சொல்லக் கூடாதா?" என்று அத்தாயார் கடிதத்தை முடித்திருந்தார்.

பையன் கண்டது கென்யா நாட்டின் நக்குரு ஏரியாக இருத்தல் கூடும். அப்பறவையின் பெயர் பூநாரை. அங்கே பெருந்திரளாகக் கூடுவது சிறு பூநாரை; அதன் பெரிய உறவாகிய பெரும் பூநாரை, மாரி கழியும் காலத்தில் நம் வடகரைக் களப்புகளுக்கு வருவதுண்டு. ஆகவே பையன் கடல் கடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸில் ஏறினாற் போதும் என்று எழுதிவிட எண்ணிப் பேனாவை எடுத்தோம். எடுத்தபின் சிறிது வெட்கமாயிற்று. இத்தனை ஆண்டுகளாக இந்த மண்ணில் வாழ்ந்தும் அப்பறவையை நாம் அருகிருந்து நோக்கியதில்லை. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு வழி சொல்வது முறையோ?

எனவே தைப்பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், எம்மோடு பணியாற்றும் உயிரியல் ஆசிரியரையும் அவருடைய தொலைநோக்கியையும் துணையாகக்கொண்டு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். நேரே களப்புக்குச் செல்லாமல், கனகராயன் ஆற்றின் போக்கிலேயே போய்ச் சேர்வோம் என்பது நண்பரின் யோசனை. ஓமந்தைக்குக் கிழக்கே சேமமடுப் பக்கத்தில் தோன்றி, வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களையும் வடக்கு நோக்கிக் கடந்து, ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள களப்பிலே கலப்பது இந்த ஆறு. ஆறு என்றவுடன் கங்கையையும் காவிரியையும் நினைத்துக்கொள்ளற்க. வன்னியில் ஆறுகள் மழைக்கு மட்டுமே கடமைப்பட்டவை. ஆடி மாதத்தில் இதன் மணலில் பிள்ளைகள் பந்து விளையாடலாம். கார்த்திகையில் இதைக் கடக்கத் துணிபவன் புத்தியுள்ளவன் அல்லன். நாம் சென்ற வேளையில் வெள்ளம் வடிந்து, மருத மரங்களின் வேரடியில் தெளிந்த நீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் செம்பழுப்புமான மீன்கொத்தி ஒன்று தாழ்ந்த கிளையிலிருந்து எம்மைப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோல் பறந்துபோயிற்று.

மாங்குளம் தாண்டி வரும் ஊரின் பெயர் கொக்காவில். பெயர்ப்பலகையைக் கண்டதும் நண்பர் சிரித்தார். "நாங்கள் எழுதப்போகிற பட்டியலை நம்முடைய பாட்டன்மார் ஊர்ப்பெயராகவே எழுதி வைத்துவிட்டார்களே" என்றார். உண்மைதான். கொக்காவில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் என்று கொக்குக்கே வன்னியில் மூன்று ஊர்கள். கிளிநொச்சியில் கிளியும் உண்டு, நொச்சி மரமும் உண்டு. கரடி போன வழி கரடிப்போக்கு. யானை இறங்கிக் கடந்த துறை ஆனையிறவு. கண்ட விலங்கையும் புள்ளையும் கொண்டே தம் வாழிடத்துக்குப் பெயரிட்ட மக்கள், சுற்றியிருந்த உயிர்களை ஊன்றிப் பார்த்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும். நமக்கோ கொக்கு, நாரை, குருகு என்பன இலக்கண வகுப்பிலும் உரையாசிரியர் கூற்றிலும் மட்டுமே அறிமுகம். குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் நாரையிடம் தம் வறுமையை மனைவிக்குச் சொல்லுமாறு வேண்டிய சத்திமுத்தப் புலவரைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகின்றோம். அந்த நாரை எதுவென்று ஒரு மாணவன் கேட்டிருந்தால் விழித்திருப்போம். நல்ல வேளை, எவனும் கேட்டதில்லை.

முறிகண்டியில் வழக்கம்போல் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு இரணைமடுவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது.

இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்களை ஒன்றாக்கி எழுந்தது இக்குளம். 1885இல் ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்குத் திட்டம் வரைந்தார். 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. அன்று 40,000 ஏக்கர் அடி நீர் கொண்டிருந்த குளம், பலமுறை கட்டு உயர்த்தப்பட்டு, 2018இல் நிறைவெய்திய புனரமைப்பின் பின் ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் அடி கொள்ளத்தக்கதாயிற்று. 1936இல் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்களைக் கொண்டு கிளிநொச்சி நகரம் உருவானதே இந்தக் குளத்தை நம்பித்தான்.

கட்டின்மேல் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீர். ஆயின், பறவையோ மிகச் சொற்பம். நடுவே நீர்க்காகங்கள் மூழ்குவதும் எழுவதுமாக இருந்தன, நான்கு கூழைக்கடாக்கள் கப்பல்போல மிதந்தன, அவ்வளவே. எமக்கு ஏமாற்றமாயிருந்தது. குளம் நிரம்பியிருப்பதே காரணம் என்றார் நண்பர். ஆழமான நீரில் நின்று இரை தேட எந்தக் கொக்குக்கும் கால் போதாது. குளம் வற்றத் தொடங்கி அலைகரையில் சேறு வெளிப்படும்போதுதான் அவை இங்கே கூடும். நமக்கு நிறைந்த குளம் அழகு. கொக்குக்கு வற்றுகின்ற குளம் அழகு.

துருசுக்கு அருகே வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எம்மிடம் வந்தார்.

"என்ன ஐயா, கொக்குப் பார்க்கவே வந்தனீங்கள்?"

"ஓம் ஐயா."

"கொக்கைப் பாருங்கோ. ஆனால், கொக்குக்குத் தண்ணி விடச் சொல்லி ஒருதரும் எழுதிப் போடாதையுங்கோ. குளம் நிரம்பினாலும் சிறுபோகத்துக்குக் காணி முழுக்க விதைக்க ஏலாது. பங்கு பிரிச்சுத்தான் விதைக்கிறம். வான் பாய்ஞ்சு கடலுக்குப் போற தண்ணியைப் பார்த்தால் வயிறு எரியும்."

அவர் வயிறு எரிவதில் நியாயம் உண்டு. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தை விட்டால் வேறு கதியில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்க்கு அது விளங்கும். எமக்கு அவர் சொல்லில் வேறொன்றும் தைத்தது. 'வீணாகக் கடலுக்குப் போகும் நீர்' என்று சில ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில் நாமும் எழுதியிருந்தோம். வகுப்பிலும் சொல்லியிருக்கின்றோம். அப்பொழுது அது ஐயத்துக்கு இடமில்லாத வாக்கியமாகவே தோன்றியது.

குளத்தின் கீழே வயல்களில் அறுவடை தொடங்கியிருந்தது. அறுவடை இயந்திரத்தின் பின்னே உண்ணிக்கொக்குகள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட கூலியாட்களைப்போல வரிசையாக நடந்து, கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பொறுக்கின. வாய்க்கால் ஓரத்தில் நத்தைகுத்தி நாரை. அதன் அலகு இரண்டும் நடுவிலே பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். முதலில் ஏதோ ஊனம் என்று எண்ணினோம். ஓட்டுக்குள் இருக்கும் நத்தையைப் பிடித்து அறுத்தெடுப்பதற்குத்தான் அந்த அமைப்பு என்று நண்பர் விளக்கினார். நெற்பயிரைக் கடிக்கும் நத்தையைத் தின்பதால் கமக்காரனுக்கு அது கேளாமற் செய்யும் உதவி.

அவ்விடத்தில் ஒன்று நிகழ்ந்தது. நண்பர் தொலைநோக்கியை உயர்த்தி, வானில் வட்டமிட்ட ஒரு பருந்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வரம்பில் வந்துகொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண்ணொருவர் சட்டென நின்று, தாமும் மேலே பார்த்து, கையிலிருந்த தேநீர்ப் போத்தலை இறுகப் பற்றிக்கொண்டார். "பருந்து அக்கா, பருந்து" என்றார் நண்பர். அவர் ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டு நடந்தார். கிபிர் விமானங்கள் வந்த காலத்தில் வன்னியில் வாழ்ந்த எவர்க்கும், ஒருவர் அண்ணாந்து நிற்பதைக் கண்டால் கால் தானாகவே பதுங்குகுழியைத் தேடும். 2009 கழிந்து எத்தனை ஆண்டு சென்றாலும் உடம்பு அதை மறக்கவில்லை. பறவை பார்க்கப் புறப்படுவோர் இங்கே இதையும் நினைவில் வைத்தல் நன்று.

கண்டாவளைப் பக்கமாக ஆறு வயல்களை விட்டு விலகி, உவர்த் தரவைக்குள் நுழைந்து பரந்து போகின்றது. அதற்குமேல் அதைத் தொடர வழியில்லை. ஆகவே நாம் பிரதான வீதிக்குத் திரும்பி, பரந்தனையும் ஆனையிறவு உப்பளத்தையும் கடந்து, இயக்கச்சிச் சந்தியில் கிழக்கே திரும்பி, கட்டைக்காட்டினூடாகச் சுண்டிக்குளத்தை அடைந்தோம். வடகரையில் நின்றால், காலையில் தெற்கே விட்டுவந்த ஆறு வந்து கலக்கும் களப்பு எதிரே கிடந்தது. இப்பகுதி 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015இல் 19,565 ஹெக்டேயர் கொண்ட தேசியப் பூங்காவாயிற்று. எல்லைக் கற்கள் தங்கள் காணிக்குள் வந்துவிட்டன என்று குறை சொல்வோரையும் கரையில் கண்டோம். பல்லாண்டுகள் அகதியாய் அலைந்து திரும்பியவனுக்கு 'சரணாலயம்' என்ற சொல்லே கசப்பதில் வியப்பில்லை.

பிற்பகல் மூன்று மணியிருக்கும். தூரத்தே நீரும் வானும் தொடும் இடத்தில் ஒரு வெண்கோடு தெரிந்தது. மணல்திட்டு என்று எண்ணினோம். நண்பர் தொலைநோக்கியை எம் கையில் தந்தார். திட்டு நடந்தது! வெண்மைக்குள்ளே இளஞ்சிவப்பு, வளைந்த கழுத்துகள் நூற்றுக்கணக்கில் ஒருசேரத் தாழ்ந்தும் நிமிர்ந்தும் கொண்டிருந்தன. எண்ண முயன்றோம். நூறு வரை எண்ணி, அதைப்போல் எத்தனை நூறு என்று கண்ணால் அளந்ததில் இரண்டாயிரத்துக்குக் குறையாது என்று தோன்றியது.

பூநாரை உண்ணும் விதமே தனி. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகின்றது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகளில் சேற்றுநீரின் சிற்றுயிர்கள் தங்கிவிடும், நீர் வடிந்துவிடும். நம் வீட்டில் அரிசி களைவதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமையில்லை. அதன் செந்நிறமும் உணவினால் வருவதே. பாசியிலும் அதைத் தின்னும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருள் இறகில் ஏறுகின்றது. அதனால்தான் குஞ்சுகள் சாம்பல் நிறமாக இருக்கின்றன.

அன்று நாம் கற்றது பூநாரையைப் பற்றி மட்டுமன்று. கரையோரத்து ஈரச் சேற்றில் விரற்கடை உயரமுள்ள சிறு உள்ளான்கள் ஓடி ஓடிக் குத்தின. அதற்கு அப்பால் கணுக்காலளவு நீரில் செந்நிற நெடுங்கால் ஊன்றிப் பவளக்காலிகள். அதற்கும் அப்பால் கொக்குகளும், மஞ்சள் அலகுச் சங்குவளை நாரைகளும். முழங்காலளவில் பூநாரை. அதனினும் ஆழத்தில் ஊசிவால் வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு வாலை வானுக்குக் காட்டின. நீர் ஒரு சாண் கூடினால் உள்ளானுக்கு உணவில்லை. ஒரு சாண் குறைந்தால் வாத்துக்கு இல்லை. ஒவ்வொன்றின் காலும் ஒவ்வோர் அளவுகோல். உப்பும் அப்படியே. ஆற்றுநீர் வரும் முகத்தில் ஒரு கூட்டம், உவர் மிகுந்த இடத்தில் வேறொரு கூட்டம்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இப்பறவைக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டோம். "வெளிநாட்டுப் பறவை எண்டுதான் சொல்லுறது" என்றார். பின்பு தாமே சிரித்தார். "வெளிநாடு எண்டாலும் அதுகள் வருசம் தவறாமல் வருகுதுகள். நாங்கள்தான் நாலுதரம் இடம்பெயர்ந்து போய் வந்தனாங்கள். திரும்பி வந்த முதல் வருசம் மிதிவெடிப் பலகை நட்ட வெளிக்குள்ளை ஆள்காட்டி முட்டையிட்டுக் கிடந்தது. எங்களுக்குக் கால் வைக்க ஏலாது."

இவை எங்கிருந்து வருகின்றன என்று அவர் கேட்டார். குசராத்தின் கச்சுப் பெருவெளியிலிருந்து வருவதாகக் கருதப்படுகின்றது என்றோம். சலீம் அலி என்ற பறவையியல் அறிஞர் 1945இல் அங்கே சென்று, சேற்றினால் கூடு சமைத்து வாழும் பூநாரைக் கூட்டத்தைக் கண்டு, ஐந்து இலட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார். இன்னும் தொலைவிலிருந்து வருவனவும் உள. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறு கருவியொன்றைப் பொருத்தி விட்டனர்; அது ருஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்று, போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர் பறந்து, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. முதியவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு தூரம் வந்து இந்தச் சேத்தையோ தின்னுது?" என்றார்.

"சேறு அவ்வளவு நல்லதோ?"

"நல்லதுதான் ஐயா. ஆத்துத் தண்ணி வந்து கலந்தால்தான் சேறு சேறாயிருக்கும். இரணைமடு வான் பாயாத வருசம் இஞ்சை இறால் இல்லை. மழை பொய்ச்சால் களப்பு உப்பாய்க் காய்ஞ்சு போம். அந்த வருசம் பறவையும் குறைவு, எங்கட அடுப்பும் குறைவு."

இந்த இடத்தில் நாம் எழுதிய பழைய வாக்கியம் எம்மைத் திரும்பிப் பார்த்தது. கமக்காரர் வயிறு எரிந்து பார்த்த அதே நீர்தான் இவருடைய அடுப்பு. கடலிலிருந்து நுழையும் இறாற்குஞ்சு வளர்வதற்கு நன்னீரும் உப்புநீரும் கலந்த களப்பு வேண்டும். அக்கலப்பின் சேற்றிலே பிறக்கும் புழுவும் பூச்சியுமே அந்த இரண்டாயிரம் பறவைகளையும் நிறுத்தி வைத்திருக்கின்றன. வீணாய்ப் போனது எங்கே?

ஆயினும் இந்தக் கதைக்கு மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் களப்பின் இரு வாயையும் அணையிட்டு மறித்து, கனகராயன் ஆறு முதலியவற்றின் வெள்ளத்தால் அதை நன்னீரேரியாக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொண்டுபோய்க் குடாநாட்டின் கிணறுகளை இனிமையாக்குவது அதன் நோக்கம். அறுபதுகளில் பகுதி வேலை நடந்தது, முற்றுப்பெறவில்லை. மழைநீரையும் கிணற்றையும் தவிர வேறு நீர் அறியாத குடாநாட்டுக்கு அது பேராசையன்று; தேவை. அத்திட்டத்தைப் பாராட்டித்தான் நாமும் அன்று எழுதினோம். அதன் பெருமையை இன்றும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால், களப்பு முழுவதும் நன்னீரானால் இந்தக் கரையில் என்ன நேரும் என்ற கேள்வியை அன்று நாம் கேட்கவேயில்லை.

விடை அந்தப் பையன் பார்த்த ஏரியிலேயே இருக்கின்றது. 2010க்குப் பின் மழை மிகுந்து நக்குரு ஏரியின் மட்டம் உயர்ந்தது. காரநீர் நீர்த்துப்போய்ப் பாசி குறைந்தது. பூநாரைகள் பெருமளவில் பொகோரியா முதலிய வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன. நீர் கூடியதனால் பறவை போயிற்று! அதே கண்டத்தில் ஒக்கவாங்கோ என்ற பேராறு அங்கோலாவில் பிறந்து, கடலையே காணாமல் பொட்ஸ்வானாவின் மணலில் விரிந்து மறைகின்றது. அதை யாரும் வீணென்று சொல்லவில்லை. 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்த்தார்கள்.

குடாநாட்டின் தாகத்துக்கு வேறு வழியும் தேடாமலில்லை. இரணைமடு நீரை அனுப்பும் யோசனைக்குக் கமக்காரர் உடன்படாமையால், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. சுண்டிக்குளத்திலிருந்து அதே கரையில் வடக்கே போனால் தாளையடி. அதற்கு ஆகும் செலவும் மின்சாரமும் சிறியதன்று. கரைவலைத் தொழிலாளர்க்கு அதிலும் கவலைகள் உள. எதை எவ்வளவு மறிப்பது, எதை எப்போது விடுவது என்று கணக்கிடும் மேசையிலே கமக்காரரும் குடாநாட்டாரும் இருக்கின்றனர். வலை தைக்கும் முதியவருக்கும் ஒரு நாற்காலி போடல் வேண்டும் என்பது எம் கருத்து. அவர் பேசினாற் போதும். பறவைக்கும் சேர்த்தே பேசுவார்.

வெயில் சாய்ந்தபோது ஒரு செம்பருந்து தாழப் பறந்தது. வெண்கோடு முழுவதும் ஒரே வேளையில் எழுந்தது. மடித்த சிறகில் மறைந்திருந்த செம்மையும் கருமையும் விரிந்து, களப்பின் மேலே நெருப்புப் பற்றினாற்போல் ஆயிற்று. பருந்து போய்விட்டது, அவை ஒரு வட்டமடித்து, சிறிது தெற்கே, ஆற்றுவாய்ப் பக்கமாக இறங்கின. முதியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தையலைத் தொடர்ந்தார்.

இனி, வவுனியாத் தாயாருக்கு: அம்மா, தங்கள் மகனை மாசி முடிவதற்குள் அழைத்துச் செல்லுங்கள். பங்குனி வெயிலில் களப்பு வற்றத் தொடங்கினால் அவை போய்விடும். முதல் பஸ்ஸில் ஏறினால் இயக்கச்சியில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டி பிடிக்கலாம். கடும் நிறச் சட்டை வேண்டாம். மண்ணிறமோ பச்சையோ நல்லது. குடிநீர் கையோடு கொண்டுபோகவும், கரையில் கடையில்லை. பாதையை விட்டு விலகித் தரவைக்குள் இறங்க விடாதீர்கள். தொலைநோக்கி இல்லையென்றால் எமக்கு ஒரு வரி எழுதுங்கள். நண்பருடையதை இரவலாகத் தருவதற்கு அவர் இசைந்திருக்கின்றார். பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கின்றது என்றும் தங்கள் மகன் கேட்டிருந்தான். அப்படி நிற்கையில் அதன் மூட்டு தானாகவே பூட்டிக்கொண்டாற்போல் அமைந்து, தசைக்கு வேலையே இல்லாமற் போகின்றதென 2017இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டியுள்ளனர். இரண்டு காலில் நிற்பதுதான் அதற்குச் சிரமமாம். அவன் தானும் கரையில் நின்று முயன்று பார்க்கட்டும்; எத்தனை நிமிடம் நின்றான் என்று எமக்கு எழுதி அனுப்பவும்.